கொட்டகையின் ஃபியூஸ் கட்டை

"ஏனுங் அம்மணி, பதினாறாவது வாரமே முட்டை விட்ட கோழி பத்தொன்பதாவது வாரம் ஏனுங் செத்துச்சு?"

அத்தியப்பன் இதைக் கேட்டபோது கலாமணி ஒரு கோழியைத் தலைகீழாகத் தராசுக் கொக்கியில் தொங்கவிட்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. எடையைச் சுவரில் சாக்கட்டியால் எழுதினாள்.

"அடுத்ததைப் புடிச்சுக் குடுங்கண்ணா," என்றாள்.

பிடித்துக் கொடுத்தார்.

"அடுத்தது."

நாற்பது கோழி பிடித்துக் கொடுத்தார். நாற்பது எடை சுவரில் ஏறியது. பதில் மட்டும் வரவில்லை.

உண்மையில் அந்த எடைதான் பதில். அத்தியப்பனுக்கு அது புரிந்திருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும், நமக்கும் வேலை மிச்சம். அவருக்குப் புரியவில்லை.

அத்தியப்பனுக்கு ஐம்பத்தெட்டு வயது. முப்பத்தொரு வருடம் லாரி ஓட்டியவர். நாக்பூரில் வியாழக்கிழமை சரக்கு இறங்க வேண்டும் என்றால், புதன்கிழமை மத்தியானமே போய் நின்று ஹாரன் அடிப்பார். அதுதான் அவர் பெருமை. சாப்பாடு, தூக்கம், மனைவி எல்லாம் அந்தப் பெருமைக்குப் பின்னால்தான்.

கலாமணிக்கு முப்பத்து நான்கு. மோகனூர் சாலையில் கோழிக் கொட்டகை வைத்திருந்தாள். சேலைக்கு மேல் ஒரு பழைய ஆண்கள் சட்டை, பையில் சாக்கட்டி. பெரிய பண்ணைக்காரர்கள்கூடக் கார் போட்டுக்கொண்டு வந்து அவளிடம் கேட்டுவிட்டுப் போவார்கள். கேள்வி கேட்டால் கையில் வேலையைக் கொடுத்துவிடுவாள் என்று அவளுக்குப் பெயர்.

"நீங்க என்ன பண்ணுனீங்க?" என்று கடைசியில் கேட்டாள்.

"ஒரு கொறையும் வெக்கலீங். ராத்திரி பத்து மணி வரைக்கும் லைட்டு. வெடியக்காலம் நாலு மணிக்கு மறுபடி லைட்டு. குஞ்சா இருந்ததுல இருந்தே அப்படித்தானுங்."

"யாருக்கு?"

"கோழிக்குத்தானுங்."

"கோழி கேட்டுச்சுங்களா?"

அத்தியப்பன் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவர் தன் சிரிப்பைப் பாதியிலேயே மடித்து வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

மிச்சத்தைச் சொன்னார். பதினாறாவது வாரம் முதல் முட்டை. ஊரில் யாருக்கும் அவ்வளவு சீக்கிரம் வந்ததில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய் டீக்கடையில் எல்லோருக்கும் காட்டினார். எலுமிச்சம்பழம் அளவுதான் இருந்தது. இருந்தால் என்ன, முதலில் வந்ததே.

"அப்புறம் முட்டை மேல ரத்தக்கோடு வந்துச்சுங். அப்புறம் முட்டை விடுறப்பவே பின்பக்கம் வெளிய தள்ளிருச்சு. செவப்பாத் தெரிஞ்சா மத்த கோழி சும்மா இருக்குமுங்களா. கொத்திக் கொத்தியே..."



ஆயிரம் கோழியில் இருநூற்று எண்பது போயிற்று. அள்ளிக் குழியில் போட்டவள் அவர் மனைவி மயிலாத்தாள். ஒன்பது நாள் அள்ளினாள். அந்த ஒன்பது நாளும் அத்தியப்பன் மருந்துக் கடைக்கும் வீட்டுக்கும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். ஓட்டுவதுதான் அவருக்குத் தெரிந்த வேலை.

குழி, வீட்டிலிருந்து கொட்டகைக்குப் போகும் குறுக்குப் பாதையில் இருந்தது. மூடிய பிறகும் மயிலாத்தாள் அந்தப் பாதையில் கால் வைக்கவில்லை. கிணற்றைச் சுற்றிக்கொண்டுதான் கொட்டகைக்குப் போனாள், வந்தாள்.

அவரிடம் ஒரே ஒரு தடவை சொன்னாள்.

"இன்னொருக்கா என்னைய அள்ள வெச்சீங்கன்னா, நீங்க லாரிக்கே போயிருங்க."

அத்தியப்பன் பயந்துபோனார். முப்பத்தொரு வருடம் கழித்துத்தான் வீட்டில் உட்கார்ந்து சூடாகச் சாப்பிடுகிறார். சாப்பிடும்போது எதிரில் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பது எவ்வளவு நல்ல விஷயம் என்று இப்போதுதான் தெரிந்திருக்கிறது. அதை இழக்க அவருக்கு மனமில்லை.

ஆடி மாதம் புதுக் குஞ்சு இறக்கியிருந்தார். ஆயிரம். நான்கு வாரம் ஆகிவிட்டது.

"ஏதாச்சும் மருந்து சொல்லுங் அம்மணி."

"உங்க கொட்டகை லைட்டுக்குத் தனி பீஸ் கட்டை இருக்குதுங்களா?"

"இருக்குதுங்."

"அதைக் கழட்டிட்டு வாங்க."

போய்வர ஒரு மணி நேரம் ஆகும் தூரம். நாற்பது நிமிடத்தில் கொண்டு வந்தார். கலாமணி அந்த வெள்ளைப் பீங்கான் கட்டையை வாங்கிச் சாக்கட்டியோடு சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

"இன்னிமேல் பொழுது உளுந்தா கொட்டகைல இருட்டு. வேற கட்டை மாட்டறதில்லைன்னு வாக்குக் குடுங்க."

"குடுத்தனுங். எப்பத் திருப்பித் தருவீங்க?"

"கேக்க வேண்டிய எடத்துல கேட்டீங்கன்னா கெடைக்கும்."

"வாரா வாரம் வந்து கேக்கறனுங்."



*

அடுத்த வாரம் வந்தார். கலாமணியின் தீவன அறைச் சுவரில், ஆணியில், ஒரு வெள்ளை ஃபியூஸ் கட்டை தொங்கியது. அதைப் பார்த்ததும் அவருக்கு நிம்மதி. பத்திரமாகத்தான் இருக்கிறது.

"இருட்டுல கோழி பயந்துக்காதுங்களா?"

கலாமணி உள்ளே போய் ஒரு வெள்ளைக் கோழியைத் தூக்கி வந்து அவர் மடியில் வைத்தாள். அதன் இரண்டு கண்ணும் பால் விழுந்த மாதிரி இருந்தன.

"இவளுக்குப் பொறந்ததுல இருந்து கண்ணு தெரியாது. ஆனா வயசு வந்து லைட்டு போட்டு மூணாவது வாரம் எல்லாரோடயும் சேந்து இவளும் முட்டை விட்டா. எப்புடீங்கண்ணா?"

அத்தியப்பன் யோசித்தார்.

"பக்கத்துக் கோழி கத்தற சத்தத்துல தெரிஞ்சிருக்கும்."

"இல்லை."

"தீவனம் போடற நேரத்தை வெச்சு?"

"இல்லை."

"வெடிஞ்சா சூடு ஏறுமில்லீங், அதுல?"

"இல்லை."

 கலாமணி கதவைச் சாத்தினாள். அறை இருட்டாயிற்று. அவருடைய உள்ளங்கையைப் பிடித்து நிமிர்த்தி, அடியில் டார்ச்சை வைத்து அழுத்தினாள்.

கை சிவப்பாக ஒளிர்ந்தது. விரல் இடுக்கெல்லாம் சிவப்பு.

"உங்க கைல கண்ணு இருக்குதுங்களா?"

"இல்லீங்."

"அப்ப வெளிச்சம் எப்படி உள்ள போச்சு?"

அத்தியப்பன் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். லாரி ஸ்டியரிங்கை முப்பத்தொரு வருடம் பிடித்த கை. காய்ப்புக் காய்த்த அந்தத் தோலுக்குள்ளேயே வெளிச்சம் நுழைந்துவிட்டது.

"கோழி மண்டை ஓடு வெங்காயத் தோலாட்டம்," என்றாள். "வெளிச்சம் நேரா உள்ள எறங்கிரும். மூளைக்கு அடில ஒரு எடம் இருக்குது. பகல் எத்தனை நீளம்னு அது அளக்கும். நீளம் போதும்னு பட்டுதுன்னா சேதி அனுப்பும்."

"என்ன சேதிங்?"

"ஆரம்பின்னு."

"யாருக்கு?"

"சினைப்பைக்கு. ரத்தத்துலயே போகும். டாக்டருங்க அதை ஹார்மோன்னு சொல்லுவாங்க. அது போய்ச் சேந்தாத்தான் உள்ள கரு பெருசாகும். கொண்டை சிவக்கும். இடுப்பெலும்பு வெலகும்."

அத்தியப்பனுக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"அப்ப சேதிய எவ்வளவு சீக்கிரம் அனுப்பறமோ அவ்வளவு நல்லதுதானுங்களே."

கலாமணி டார்ச்சை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்தாள்.

"சேதி போயிரும். வாங்கிக்க அங்க உடம்பு இருக்கோணுமுங்கல்ல," என்றாள். "அடுத்த வாரத்துல இருந்து வரும்போது ஒரு கோழியும் கொண்டு வாங்க."

*

ஆவணி போயிற்று. புரட்டாசி வந்தது.

அத்தியப்பன் வாரத்துக்கு ஒரு கோழியைக் கூடையில் வைத்து மொபெட்டில் மாட்டிக்கொண்டு வந்தார். கலாமணி நிறுத்தாள், கொண்டையைத் தடவிப் பார்த்தாள், திருப்பிக் கொடுத்தாள். அவர் ஆணியைப் பார்த்து, "கட்டையைத் தரலாமுங்களா?" என்று கேட்பார். அவள் அடுத்த வேலையைப் பார்ப்பாள்.

ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் சொன்னார்.

"நாளுக்கு நாள் பகலும் சுருங்கிட்டே போகுதுங். ஆறு மணிக்கே இருட்டிருது. நீங்கதான் லைட்டைப் புடுங்கி வெச்சிருக்கீங்கன்னா, சூரியனும் உங்க கச்சியாட்டத் தெரியுதுங்."

"சூரியனோட பீஸ் கட்டை என்றகிட்ட இல்லீங்கண்ணா."

"இப்படிச் சுருங்குனா கோழி எப்ப வளருமுங்?"

"இப்பத்தான் வளரும். தையில எறக்குன குஞ்சுக்குப் பகல் நீண்டுகிட்டே போகும். உடம்பு வாரதுக்குள்ள சேதி வந்துரும். அதைப் புடிச்சு நிறுத்தறது பெரும்பாடு. உங்களுக்கு ஆடிக் குஞ்சு. சும்மா இருந்தாலே போதும்."

"சும்மா இருக்கறதுதானுங் பெரும்பாடு," என்றார் அத்தியப்பன்.

அவர் அந்தக் கொட்டகையில் சொன்ன முதல் நல்ல வார்த்தை அதுதான். அதைச் சொன்னோம் என்று அவருக்கே தெரியவில்லை.

*

பதிமூன்றாவது வாரம் டீக்கடையில் பொன்னுரங்கம் இருந்தார். அவருக்கும் கோழிக் கொட்டகை உண்டு. போன வாரத்திலிருந்து முட்டை வருகிறதாம்.

"உங்குளுது எப்ப அத்தியப்பண்ணா? உங்க வண்டிதான் எப்பவும் முன்னால போய் நிக்குமே."

"நிக்கும், நிக்கும்," என்றார் அத்தியப்பன்.



கடைவீதியில் புது ஃபியூஸ் கட்டை இருபது முப்பது ரூபாய்க்குக் கிடைக்கும். ஆனால் வாக்குக் கொடுத்திருந்தார். லாரிக்காரன் வாக்குத் தவறமாட்டான். அதனால் பழைய பட்டறைக்குப் போய் ஒரு லாரி பேட்டரியும் நான்கு பல்பும் வாங்கி வந்து கொட்டகையில் மாட்டினார். ஃபியூஸ் கட்டையைத்தானே கொடுத்தோம், பேட்டரியைக் கொடுக்கவில்லையே. மனதுக்குள் இப்படி ஒரு வக்கீல் வைத்துக்கொள்ளாத மனிதன் உண்டா?

"என்னத்துக்கு இது?" என்று மயிலாத்தாள் கேட்டாள்.

"பாம்பு நடமாட்டம் இருக்குதாம். சாயங்காலம் கொஞ்ச நேரம் எரியட்டும்."

அவள் பேட்டரியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். கிணற்றைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

தினமும் பத்து மணி வரை எரிந்தது. அந்த வாரம் கலாமணியிடம் போகவில்லை. வயிற்று வலி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பதினோராவது நாள் காலையில் மயிலாத்தாளே ஒரு கோழியைப் பிடித்துக் கூடையில் வைத்து மொபெட்டில் மாட்டினாள்.

"அம்மணி வாரா வாரம் கோழி கேட்டாங்கள்ல. கொண்டு போங்க."

போகமாட்டேன் என்று சொல்ல ஒரு காரணமும் அகப்படவில்லை. போனார்.

கலாமணி அவர் கோழியைக் கீழே விட்டாள். தன் கொட்டகையிலிருந்து அதே வயதுக் கோழி ஒன்றை எடுத்து வந்து பக்கத்தில் விட்டாள். அவள் கோழியின் கொண்டை சின்னதாக, வெளிறி இருந்தது. அவருடையதில் இளஞ்சிவப்பு ஏறியிருந்தது.

"உங்க ஊர்ல மட்டும் பகல் நீளமாட்டம் இருக்குதுங்கண்ணா."

அத்தியப்பன் தரையைப் பார்த்தார்.

"லாரி பேட்டரிங்," என்றார்.

"எத்தனை நாள்?"

"பதினொண்ணு. ஆனா நான் வாக்கு மீறலீங். பீஸ் கட்டை உங்ககிட்டத்தான் இருக்குது."

"செரி. அதைக் கோழிகிட்டச் சொல்லுங்க."

அவர் தீவன மூட்டை மேல் உட்கார்ந்தார். 

"நாக்பூருக்கு ஒரு நாள் முன்னால போவீங்களே," என்று கலாமணி கேட்டாள். "குடோன் தெறந்திருக்குமுங்களா?"

அவருக்குப் பழைய சவாரி ஒன்று ஞாபகம் வந்தது. ஒரு தடவை சர்க்கரை மூட்டையோடு ஒன்றரை நாள் முன்னால் போனார். குடோன் பூட்டியிருந்தது. வாசலில் நிறுத்தினார். ராத்திரி மழை பிடித்தது, தார்ப்பாய் கிழிந்தது. காலையில் குடோன் திறக்கும்போது லாரியிலிருந்து பாகு சொட்டிக்கொண்டிருந்தது. இருபது வருடமாக அந்தக் கதையை அவர் யாரிடமும் சொன்னதில்லை. முன்னால் போய்ச் சேர்ந்த கதைகளை மட்டும்தான் சொல்வார்.

"பூட்டியிருக்குமுங்," என்றார்.

"கோழிக்கு இன்னும் எலும்பு முத்தலை, எடை வரலை. குடோன் பூட்டித்தான் கெடக்குது. போன தடவை நீங்க அந்தக் கதவை ஒடைச்சுச் சரக்கை எறக்குனீங்க."

"இப்ப என்னுங் ஆகும்?"

"சேதி கெளம்பிருச்சு. போய்ச் சேந்துச்சான்னு எனக்குத் தெரியாது."

"எப்பத் தெரியும்?"

"லைட்டை நிறுத்துங்க. கொண்டை வெளுத்துச்சுன்னா சேரலை. வெளுக்கலைன்னா குழி வெட்டி வெச்சுக்குங்க."

கலாமணி எப்போதுமே இப்படித்தான். மருந்து கசக்குமா என்று கேட்டால், கசக்கும் என்பாள்.

அத்தியப்பன் வீட்டுக்குப் போய் முதலில் ஒயரை அறுத்தார். பிறகு மயிலாத்தாளிடம் போய் நின்றார்.

"பாம்பு இல்லை," என்றார்.

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் கேக்கலை?"

"நான் கேட்டா வேற பேட்டரி கொண்டாருவீங்க. அதுக்குத்தான் கூடையை மாட்டுனேன்."

அவருக்கு வெட்கமாக இருந்தது. அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. எப்படிக் கேட்பது என்று தெரியாததால், தண்ணீர்த் தொட்டிகளை எல்லாம் கழுவினார்.

*

அதன் பிறகு அவருக்குச் செய்ய ஒரு வேலையும் இல்லை. பார்ப்பது மட்டும்தான்.

காலையில் எழுந்ததும் கொட்டகைக்குள் போய்க் குந்துவார். ஆயிரம் கொண்டை. ஒவ்வொன்றாகப் பார்ப்பார். சிவப்பு குறைந்திருக்கிறதா, கூடியிருக்கிறதா? ஒரு நாள் குறைந்த மாதிரி இருக்கும், மறுநாள் கூடிய மாதிரி இருக்கும். ரோட்டில் மைல்கல் இருக்கும், எவ்வளவு தூரம் வந்தோம் என்று தெரியும். இங்கே அப்படி ஒன்றும் இல்லை.

டீக்கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார்.

பொழுது விழுந்ததும் கொட்டகை இருட்டாகும். கோழிகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு உட்காரும். கொஞ்ச நேரம் முனகும், பிறகு அடங்கிவிடும். அவை பயப்படவே இல்லை என்பதை அத்தியப்பன் அப்போதுதான் பார்த்தார். இருட்டுக்குப் பயந்தது அவர்தான்.

பதிமூன்றாவது நாள் காலையில் ஒரு கோழியைத் தூக்கினார். கொண்டை வெளிறி இருந்தது. இன்னொன்றைத் தூக்கினார். அதுவும். பத்து, பதினைந்து கோழிகளைத் தூக்கிப் பார்த்தார்.

சேதி போய்ச் சேரவில்லை.

உமி பரப்பிய தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வந்தது. கோழிகள் அவர் சட்டைப் பொத்தானைக் கொத்திப் பார்த்தன.

*

கார்த்திகை பிறந்தது. பதினெட்டாவது வாரம் வந்துவிட்டது.

அத்தியப்பன் கலாமணியிடம் போனார். வழக்கமான இருபது நிமிடம் இல்லை, அரை மணி நேரம் ஆயிற்று. வண்டியை மெதுவாகத்தான் ஓட்டினார்.

"வெளக்கு வெக்கற மாசம் வந்துருச்சுங் அம்மணி. வயசும் ஆயிருச்சு. இப்பவாச்சும் பீஸ் கட்டையைத் தரலாமுங்களா?"

"என்றகிட்ட இல்லீங்களே."

அவர் ஆணியைக் காட்டினார்.

"அது என்ற கெணத்து மோட்டாரோடதுங்கண்ணா."

"அப்ப என்ற கட்டை?"

"நீங்க குடுத்த அன்னைக்கே உங்க வீட்டுக்கு வந்து அக்காகிட்டக் குடுத்துட்டனுங். நீங்க அப்ப டீக்கடைல இருந்தீங்க."

அத்தியப்பன் ஆணியில் தொங்கியதைத் தொட்டுப் பார்த்தார்.  

"பன்னண்டு தடவை இங்க வந்து கேட்டனுங்களே அம்மணி."

"ஆமாங்கண்ணா. அங்க ஒரு தடவையும் கேக்கலை."

அவர் அங்கேயே நின்றார். கலாமணி தராசுக் கொக்கியில் அடுத்த கோழியை மாட்டினாள்.

*

வீட்டுக்கு வந்தபோது மயிலாத்தாள் கொட்டகையில் இருந்தாள். அவரும் போனார். பின்சுவரைப் பார்த்தார். நான்கு மாதமாகத் தினமும் அந்தக் கொட்டகைக்குள் வந்துபோகிறார், பின்சுவரைப் பார்த்ததில்லை. அங்கே அடுப்புக் கரியால் எழுதியிருந்தது. ஐந்தாவது வாரத்திலிருந்து ஒவ்வொரு வாரமும் கோழிகளின் எடை. மயிலாத்தாள் கையெழுத்து, கொஞ்சம் சாய்ந்து, எட்டு என்ற எண்ணை இரண்டு வட்டமாகப் போடும் கையெழுத்து.

நடுவில் ஓர் இடத்தில் எடைக்குப் பக்கத்தில் சின்னதாக எழுதியிருந்தது: பேட்டரி.

"மயிலா," என்றார். "பீஸ் கட்டை உன்றகிட்டயா இருக்குது?"

"ஆமா."

"தருவியா?"

அவள் சுவரைப் பார்த்தாள்.

"இன்னும் நாப்பது கிராம் ஏறோணும்," என்றாள்.

முப்பத்தொரு வருடத்தில் யாராவது அவரிடம் இன்னும் கொஞ்சம் நில் என்று சொன்னால், ஹாரனில்தான் கை போகும். இப்போது கையில் ஹாரன் இல்லை. தேடவும் இல்லை.

"செரி," என்றார்.

திருக்கார்த்திகை அன்று ஊரே விளக்காக இருந்தது. மயிலாத்தாள் வாசலில் வைத்தாள், கிணற்று மேட்டில் வைத்தாள், மாட்டுத் தொழுவத்தில் வைத்தாள், குப்பைமேட்டிலும் ஒன்று வைத்தாள். கொட்டகை மட்டும் இருட்டில் கிடந்தது.

ரோட்டில் போன பொன்னுரங்கம் நின்றார்.

"என்ன அத்தியப்பண்ணா, குப்பைமேட்டுக்குக்கூட வெளக்கு இருக்குது. கோழிக்கு வெக்கலியா?"

"இன்னும் இருபது கிராம் இருக்குதுங்."

பொன்னுரங்கம் ஒன்றும் புரியாமல் போனார். அத்தியப்பன் வாசலில் உட்கார்ந்து நிதானமாக ஒரு பொரி உருண்டை சாப்பிட்டார். நன்றாக இருந்தது. இன்னொன்று கேட்டு வாங்கினார்.

ஆறு நாள் கழித்து, பொழுது விழும் நேரம். அத்தியப்பன் கொட்டகை வாசலில் தீவனச் சாக்கை உதறிக்கொண்டிருந்தார். மயிலாத்தாள் வீட்டிலிருந்து வந்தாள். கிணற்றைச் சுற்றவில்லை. குழி மேட்டின் மேல் நடந்து, குறுக்குப் பாதையில் நேராக வந்தாள்.

அவர் சாக்கைக் கீழே போட்டார்.

அவள் கொட்டகைக்குள் நுழைந்து குனிந்து, ஒரு கோழியின் முதுகில் லேசாகக் கை வைத்து அழுத்தினாள். போன வாரம் வரை தொட்டால் ஓடும் கோழி. இப்போது ஓடவில்லை. கால் மடக்கி, இறக்கையைக் கொஞ்சம் விரித்து, தரையோடு தாழ்ந்து உட்கார்ந்தது. பக்கத்திலிருந்த இன்னொன்றும் அப்படித்தான் செய்தது. முட்டைக்கு உடம்பு தயாரான கோழி அப்படித்தான் தாழும். ஒரு விளக்கும் இல்லாமலே கொண்டையில் மெல்லச் சிவப்பு ஏறியிருந்தது.

மயிலாத்தாள் நிமிர்ந்தாள். இடுப்பிலிருந்து வெள்ளைப் பீங்கான் கட்டையை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

அத்தியப்பன் வாங்கவில்லை.

"கோழி கேட்டுச்சா?" என்றார்.

"கேட்டுச்சு," என்றாள் மயிலாத்தாள்.